கண் நிறம்: மேற்படி

அறுபது முயல்களில் ஒன்றின் கண்ணைக்கூட அவள் பார்க்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். பின்னால் பலர் பல உண்மைகளைச் சொன்னார்கள், தட்டச்சு செய்தார்கள், ஆறு பிரதிகள் எடுத்தார்கள். எதுவும் இதை மாற்றிவிடாது.

அவள் நீள்ரோம முயல் நிற நிர்ணய நிலையத்தில் பதிவேட்டு எழுத்தர். பதினோரு வருட வேலை. எல்லோருக்கும் அவள் ரிஜிஸ்டரம்மா.

நிலையத்தின் வேலை முயல்களின் நிறத்தை நிர்ணயிப்பது. அங்கே இருந்த முயல்கள் அத்தனையும் வெள்ளை. வெள்ளை ரோமத்தில்தான் எந்தச் சாயமும் ஏறும் என்று ஆலைக்காரர்கள் வெள்ளையை மட்டுமே வாங்கினார்கள். ஆகவே நாற்பது வருடமாக வேறு நிற முயல் அந்த வாசலை மிதித்ததில்லை. அதற்காக நிர்ணயிக்காமல் விட்டுவிட முடியுமா? தினமும் காலை பத்து மணிக்கு நிற அதிகாரி மேலங்கி மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் வருவார். கூண்டுக்காரர் ஒரு முயலைத் தூக்கி மேசைமேல் வைப்பார். நீள்ரோம முயல் என்பது பஞ்சு மூட்டைக்குக் காது முளைத்த மாதிரி இருக்கும். மேலாகப் பார்த்து நிறம் சொன்னால் ஏமாந்து போவோம். நிற அதிகாரி குனிந்து அதன் முதுகில் ஊதுவார். ரோமம் பூப்போல விரிந்து அடித்தோல்வரை தெரியும். அடியில் ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம், நுனியில் ஒரு நிறம் என்று வளையம் வளையமாக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். விதிப்படி மூன்று ஊதல். மூன்றாவது ஊதலுக்குப் பிறகு அவர் நிமிர்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளை" என்பார்.

அவரிடம் நாற்பத்தொரு நிற அட்டைகள் கொண்ட கட்டு ஒன்று இருந்தது. முதல் அட்டை வெள்ளை. விரல் பட்டுப் பட்டு அது பழுப்பாகியிருந்தது. மற்ற நாற்பதும் நூல் பிரிக்காத புதுசு.

போன வருடம் மூடப்பட்ட ஒரு கிளையிலிருந்து அறுபது முயல்கள் மாற்றலாகி வந்தன. ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு வரி: எண், பால், எடை, ரோம நீளம், நிறம், கண் நிறம். மற்றதையெல்லாம் ஆளுக்கு ஒன்றாக அளந்து சொல்வார்கள். கண் மட்டும் எழுத்தர் நேரில் பார்த்து எழுத வேண்டியது. அன்றைக்குப் பார்த்து இயக்குநருக்குப் பிறந்தநாள். மூன்று மணிக்குக் கூட்ட அறையில் கேக் வெட்டுகிறார்கள். அதற்கு முந்தின வருடம் பிந்திப் போனவர்களுக்கு அட்டைப்பெட்டியில் ஒட்டிய க்ரீம்தான் மிஞ்சியது. மணி இரண்டு ஐம்பது. வெள்ளை முயலுக்குக் கண் சிவப்பு என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அவள் முதல் வரியில் 'சிவப்பு' என்று எழுதினாள். அடுத்த வரியில் 'மேற்படி' என்று எழுதினாள். அப்புறம் ஐம்பத்தெட்டு மேற்படி. அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அறுபது வரியும் கோத்து வைத்த மாதிரி அமைந்தது. கீழே 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் ஆறு அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களும் கூட்ட அறையில்தான் இருந்தார்கள்.

அவளுக்கு க்ரீம் ரோஜா வைத்த துண்டு கிடைத்தது. கேக் நன்றாக வேறு இருந்தது. பின்னாட்களில் அவளை அதிகம் வதைத்தது அந்த ருசிதான்.

ஒரு நாள் காலையில் கூண்டுக்காரர் அவள் மேசைக்கு வந்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். சட்டையெல்லாம் வெள்ளை ரோமம். தூரத்திலிருந்து பார்த்தால் அவரையே ஊதிப் பார்க்கத் தோன்றும்.

"ரிஜிஸ்டரம்மா, நாப்பத்தேழாம் நம்பர் குட்டி போட்டிருச்சு. ஆறு."

"எழுதிக்கிறேண்ணா. வெள்ளைதானே?"

"அதத்தான் சொல்ல வந்தேன். தோலே கறுத்துக் கெடக்கு. மூக்கு நுனியில மட்டும் சோத்துப் பருக்கை ஒட்டின மாதிரி வெள்ளை."

"ஆறுமா?"

"ஆறும். இருபத்திரெண்டு வருஷத்துல இப்பத்தான் பாக்குறேன்." அவர் முகமெல்லாம் பல். "நீங்களும் ஒரு எட்டு வந்து பாருங்களேன். அவ்வளவு அழகு."

அவள் போகவில்லை. பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற அதிகாரிக்குக் குறிப்பு எழுதினாள். அவர் வந்து, குட்டிகளைப் பார்த்து, கையை விரித்தார். "ரோமமே இல்ல. எத ஊதுறது? ரோமம் இல்லாத பிராணியோட நிறத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது." குட்டிகளின் நிறம் மூன்று வாரத்துக்கு நிலுவையில் வைக்கப்பட்டது. அவை கறுப்பாகவே நிலுவையில் இருந்தன.

மூன்று வாரம் கழித்து அவர் ஊதினார். மூன்று முறை ஊதினார். நிமிரவில்லை. நான்காவதாக ஒன்று ஊதினார். பக்கத்தில் பதிவேட்டுடன் நின்ற அவளைத் திரும்பிப் பார்த்து, "கடைசி ஊதல் கணக்குல வராது. பெருமூச்சுன்னு போட்டுக்குங்க" என்றார். பிறகு அட்டைக் கட்டின் நூலை அவிழ்த்தார். அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கத்தியால் நெம்பிப் பதினேழாவது அட்டையை எடுத்துக் குட்டியின் பக்கத்தில் வைத்து, யாரோ இறந்த செய்தியைச் சொல்வதுபோல, "கறுப்பு" என்றார்.

அன்று மாலையே இயக்குநர் கூட்டம் போட்டார்.

"வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தா வெள்ளை. இது நாற்பது வருஷ அனுபவம். இங்க கறுப்பு வந்திருக்கு. அப்படின்னா கறுப்பு ஆண் முயல் ஒண்ணு உள்ள வந்திருக்கு. வந்திருக்குன்னா யாரோ விட்டிருக்காங்க. விடணும்னா சாவி வேணும். சாவி யார்கிட்ட இருக்கு?"

எல்லோரும் கூண்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது.

"ஐயா, கறுப்பு முயல நான் கண்ணால பாத்ததே இல்லீங்க."

"பாக்காமலே விட்டிருக்கீங்க. அது அலட்சியம். அத தனிக் குற்றமா எழுதிக்குங்க, ரிஜிஸ்டரம்மா."

அவள் எழுதிக்கொண்டாள்.

கூண்டுக்காரரை சஸ்பெண்ட் செய்தார்கள். ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. குற்றம் ருசுவானால் வேலை போகும், ஓய்வூதியம் போகும், கொட்டகைக்குப் பின்னால் நிலையம் கொடுத்திருந்த இரண்டு அறை வீடும் போகும். அதோடு அந்தக் கறுப்பு ஆண் முயலைத் தேடும் பணி தொடங்கியது. நிற அதிகாரி அதன் உருவத்தை உத்தேசமாக வரைந்தார். சற்றே திமிரான முகம். படத்தைச் சுவரெங்கும் ஒட்டினார்கள். பிடிபட்டால் வைக்க ஒரு கூண்டு ஒதுக்கி, அறுபத்தொன்று என்று எண் எழுதி, தண்ணீர்க் கிண்ணமும் வைத்தார்கள். கூண்டும் எண்ணும் இருக்கிற முயலுக்கு வருகைப் பதிவு வேண்டும் அல்லவா? தினமும் காலையில் அவள் அறுபத்தொன்றாம் எண்ணுக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதினாள்.

இதுவரைக்கும் அவள் மனசில் ஒன்றும் இல்லை. பாவம் கூண்டண்ணன் என்று நினைத்தாள், அவ்வளவுதான். ஆனால் விசாரணைக்கு முன்னுதாரணம் தேடச் சொல்லி இயக்குநர் அவளை ஆவண அறைக்கு அனுப்பினார். அங்கே மேல் தட்டில் 'நிற மரபுக் கையேடு' என்றொரு தடிமனான புத்தகம் இருந்தது. நிலையமே வெளியிட்டது. எழுதியவர் இயக்குநர். முதல் பக்கத்தில் அவருடைய படம், கன்னத்தில் கை வைத்து. பக்கங்களின் ஓரம் வெட்டப்படாமல் மடிப்பு மடிப்பாகவே இருந்தது. இதுவரை ஒருவரும் திறந்ததில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அவள் அடிக்கோலால் ஒவ்வொரு மடிப்பாகக் கிழித்துக்கொண்டே படித்தாள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. வெள்ளை என்பது ஒரு நிறமல்ல, நிறத்தின்மேல் போர்த்திய போர்வை. போர்வைகள் இரண்டு வகை. ஒன்று சிவப்புக் கண் வெள்ளை. மற்றது நீலக் கண் வெள்ளை. தாயும் தகப்பனும் ஆளுக்குப் பாதிப் போர்வை கொடுப்பார்கள். இரண்டும் ஒரே வகையானால் பாதியும் பாதியும் சேர்ந்து முழுப் போர்வையாகிக் குட்டி வெள்ளையாகும். வேறு வேறு வகையானால் தைத்தாலும் சேராது. அரைப் போர்வை எதையும் மூடாது. அடியில் ஒளிந்திருந்த நிறம் வெளியே வந்துவிடும். சில குட்டிகளுக்கு மூக்கு நுனியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவள் புத்தகத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். நாற்பத்தேழு கடைசி வரிசையில் இருந்தது. நெற்றி ரோமம் முகத்தை முழுசாக மூடியிருந்தது. கம்பிக்குள் விரலை விட்டு ரோமத்தை ஒதுக்கினாள். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண் அவளைப் பார்த்தது.

நீலம்.

அதனோடு இணை சேர்த்த ஆண் முயல் மூன்றாவது கூண்டில் இருந்தது. அதன் கண்ணையும் பார்த்தாள். சிவப்பு. மறுபடி வந்து நாற்பத்தேழைப் பார்த்தாள். அது மென்றுகொண்டே இருந்தது. ஒரு வருடமாக இந்தக் கண் இங்கேயே இருந்திருக்கிறது. ஒரு விரலால் ஒதுக்கினால் தெரிந்திருக்கும். அறுபதுக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். கேக்கில் ரோஜா கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கூண்டுக்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "இப்பவே கட்டி வெச்சா அப்புறம் அவசரம் இருக்காதுல்ல" என்று சிரித்தாள். "வாங்க. நிலையத்துலேருந்து எட்டிப் பாத்த ஒரே ஆளு நீங்கதான். இவர்கிட்ட இப்பத்தான் சொல்லிட்டிருந்தேன், ரிஜிஸ்டரம்மா வருவாங்கன்னு."

கூண்டுக்காரர் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். சட்டையில் ஒரு ரோமம் இல்லை. யாரோ ஒருவரைப்போல இருந்தார்.

"நாப்பத்தேழுக்கு ரெண்டு நாளைக்கொரு தடவ சீவி விடணும். இல்லேன்னா காதுக்குப் பின்னால சிக்கு விழும். புது ஆளுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்றேண்ணா." அவள் தொண்டையைக் கனைத்தாள். "அண்ணா, அதுக்குக் கண்ணு நீலம்."

"ஆமா. வந்த நாள்லேருந்தே. அழகா இருக்கும்ல?"

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையே. கண்ணு உங்க வேலையாச்சே, நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். நீங்க பாத்து எழுதாமயா இருப்பீங்க?"

மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் ஒரு மடக்கு குடித்தாள். சொல்ல வந்தது தண்ணீரோடு உள்ளே போய்விட்டது. ஏதோ தைரியம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தெருவில் நடக்கும்போது, ஆறுதல் சொல்ல வந்தவள் என்று அவர்கள் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். காது எரிந்தது.

மறுநாள் இயக்குநர் அறைக்குப் போனாள்.

"ஐயா, தப்பு என்மேல. நாப்பத்தேழுக்குக் கண்ணு நீலம். நான் பாக்காம சிவப்புன்னு எழுதிட்டேன். நீலமும் சிவப்பும் சேர்ந்தா கறுப்புக் குட்டி வரும். உங்க புத்தகத்துலயே நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கு."

"என் புத்தகத்துலயா?" இயக்குநர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "நல்லா எழுதியிருக்கேனா?"

"தெளிவா இருக்குங்க ஐயா."

"சந்தோஷம். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்குங்க. புத்தகத்துல இருக்கிறது அறிவியல். பதிவேட்டுல இருக்கிறது உண்மை. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. அந்தப் பக்கத்துக்குக் கீழ ஆறு பேர் நேர்ல பாத்ததா கையெழுத்துப் போட்டிருக்கோம். முதல் கையெழுத்து என்னுது. நீங்க பாக்கலைன்னா, பாக்காதத நாங்க பாத்தோம்னு ஆகும்."

"அப்படித்தான் ஐயா ஆச்சு."

இயக்குநர் மேசைமேல் இருந்த கோப்பை மூடினார்.

"உங்களுக்கு உடம்பு சரியில்ல. ரெண்டு நாள் லீவு போடுங்க."

அவள் விடவில்லை. கண்ணை வந்து பார்த்தால் போதும் என்று மன்றாடினாள். கடைசியில் இயக்குநரும் நிற அதிகாரியும் கொட்டகைக்கு வந்தார்கள். நாற்பத்தேழை மேசைமேல் வைத்தார்கள். நிறம் எதுவானாலும் நிர்ணயிக்கும் முறை ஒன்றுதான் என்பதால் நிற அதிகாரி குனிந்து அதன் கண்ணில் ஊதினார். முயல் கண்ணை இறுக மூடிக்கொண்டது. மூன்று ஊதலும் முடியும்வரை திறக்கவில்லை. "நிர்ணயத்துக்கு ஒத்துழைக்கல" என்றார் அவர். அப்புறம் அது தானாகக் கண்ணைத் திறந்தபோது மூன்று பேரும் பார்த்தார்கள்.

"நீலம்தான்" என்றார் இயக்குநர். அவளுக்கு உயிர் வந்தது. "பதிவேட்டுல சிவப்பு. இப்ப நீலம். நடுவுல இது யார் பொறுப்புல இருந்தது?"

"கூண்டுக்காரர் பொறுப்புல" என்றார் நிற அதிகாரி.

"கண் நிறம் மாறுற அளவுக்கு ஒரு பிராணிய அலட்சியமா வெச்சிருந்திருக்காரு. மூணாவது குற்றச்சாட்டு. எழுதிக்குங்க."

அவள் கை எழுதியது. அவள் வேண்டாம் என்றாலும் அந்தக் கைக்கு எழுதித்தான் பழக்கம்.

கூண்டுக்காரரிடமிருந்து பதில் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து. 'ஐயா, அதன் கண் வந்த நாளிலிருந்து நீலம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ரிஜிஸ்டரம்மா சிவப்பு என்று எழுதியிருந்தால் சிவப்பாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் கை தப்பாக எழுதாது. என் பார்வையில்தான் கோளாறு போலிருக்கிறது.' இயக்குநர் இதைப் படித்து மிகவும் மகிழ்ந்தார். பார்வைக் கோளாறை நிர்வாகத்திடம் மறைத்தது நான்காவது குற்றச்சாட்டாயிற்று.

அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்க்க வேண்டியவள் அவள். இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தாள். அவர் தன் இரண்டு கண்ணைவிட அவளுடைய ஒரு வார்த்தையை நம்பியிருந்தார். அவள் கடன் வாங்கித் திருப்பித் தராதவள்போல, போகிற வருகிற எல்லோர் முன்னாலும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடந்தாள்.

கடைசி வழியாக ஒரு சோதனை கேட்டாள். அதே நாற்பத்தேழு, அதே ஆண் முயல். வேறு எதுவும் நுழைய முடியாதபடி பூட்டி வைத்து இன்னொரு தடவை குட்டி போடட்டும். கறுப்பு வந்தால் கூண்டுக்காரர்மேல் தப்பில்லை என்று ஆகும்தானே? சோதனை என்ற சொல் இயக்குநருக்குப் பிடித்திருந்தது. ஒரு கூண்டுக்கு மூன்று பூட்டுப் போட்டார்கள். ஒரு சாவி இயக்குநரிடம். ஒரு சாவி நிற அதிகாரியிடம். மூன்றாவதை யாரை நம்பிக் கொடுப்பது என்று பத்து நாள் ஆலோசித்து, அதையும் இயக்குநரே வைத்துக்கொண்டார். தீனி வைக்க மூன்று பூட்டும் திறக்க வேண்டியிருந்ததால் நாற்பது வருடத்தில் முதல்முறையாக இயக்குநர் தினமும் இரண்டு வேளை கொட்டகைக்கு வந்து, தன் கையால் வைக்கோல் போட்டார். வைக்கோல் அவருக்குத் தும்மலைக் கொடுத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போடுவார்.

முப்பத்தொரு நாள். ஒவ்வொரு நாளையும் அவள் நாட்காட்டியில் மெல்லிய புள்ளி வைத்து எண்ணினாள். முப்பத்திரண்டாம் நாள் காலை பெட்டியில் ஐந்து குட்டிகள், தாய் பிடுங்கிப் போட்ட வெள்ளை ரோமத்துக்கு நடுவில், மை தடவினதுபோல. அவள் வாய்விட்டே சிரித்தாள். கூண்டண்ணன் தப்பித்தார்.

இயக்குநர் நீண்ட நேரம் பெட்டியைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார்.

"மூணு பூட்டு. ரெண்டு அதிகாரிங்க. இத்தனையையும் மீறி, சஸ்பெண்டுல வீட்டுல உக்காந்துகிட்டே அந்த மனுஷன் மறுபடியும் கறுப்பு முயல உள்ள அனுப்பியிருக்காரு. இப்படிப்பட்ட ஆள இனி ஒரு நாள்கூட வெச்சிருக்க முடியாது."

"அனுப்பியிருக்க முடியாதுங்களே, ஐயா" என்றாள் அவள்.

"முடியாததச் செஞ்சிருக்காரு. அதனாலதான் ஆபத்தான ஆளுன்னு சொல்றேன். வெள்ளிக்கிழமை உத்தரவு. ஒரு வாரத்துல வீட்டக் காலி பண்ணணும். நல்ல தாள்ல எழுதிக் கொண்டாங்க. உங்க கையெழுத்துதான் இதுக்கு லட்சணமா இருக்கும்."

அன்று வீட்டில் அவள் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் தங்கையும்தான் அந்த வீட்டில். தங்கை மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வாய்க்கு வேலியில்லை.

"என்னக்கா, தட்டுல கோலம் போடுறியா? தின்னேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேக்கையும் சொன்னாள்.

"அது நல்லா இருந்துச்சுன்னு எனக்கு ஒரு துண்டு கொண்டாந்தியா? அதுவும் இல்ல." தங்கை நக்கலாகச் சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கினாள். "சரி, அழாத. எங்க கடைக்கு வர்ற சிலருக்குப் பார்வை நல்லாவே இருக்கும். சொன்னா நம்ப மாட்டாங்க. சண்டைக்கு வருவாங்க. சும்மா ஒரு வெறும் கண்ணாடிய மாட்டி விட்டா, ஆஹா இப்பத்தான் தெரியுதுன்னு சந்தோஷமாப் போவாங்க. உங்க ஆளும் அந்த ரகம். நெசத்தச் சொன்னா நம்பலைன்னா, அவரு நம்புறதச் சொல்லிட்டுப் போயேன்."

விளையாட்டாகச் சொல்லிவிட்டுத் தங்கை தட்டைக் கழுவப் போய்விட்டாள். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் இயக்குநர் முன்னால் நின்றாள்.

"ஐயா, கறுப்பு முயல உள்ள விட்டது நான்தான்."

இயக்குநர் எழுந்தார். சுற்றி வந்து, தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பதினோரு வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்ததில்லை.

"எப்படி விட்டீங்க?"

"பையில வெச்சுக் கொண்டாந்தேன்."

"அது சரி. ரெண்டாவது தடவ மூணு பூட்டு இருந்துதே?"

இதற்கு அவள் பதில் யோசித்து வரவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். வாயில் வந்ததைச் சொன்னாள். "நீங்க வைக்கோல் போடுறப்ப, ஐயா."

"நான் தும்முறதுக்குத் திரும்பினப்பவா?"

"ஆமாங்க."

"நெனச்சேன்" என்றார் இயக்குநர். "அன்னிக்கே காலுக்கிட்ட என்னமோ உரசுற மாதிரி இருந்துச்சு. இப்ப அது எங்க?"

"ஓடிப்போச்சுங்க."

அவர் முகம் மழை விட்ட தெருவைப்போலத் தெளிந்தது. "பாருங்க, உண்மைக்குன்னு ஒரு சத்தம் இருக்கு. அன்னிக்கு நீங்க வந்து கண்ணு, போர்வை, அரைப் போர்வைன்னு என்னென்னமோ சொன்னீங்க. அதுல அந்தச் சத்தம் இல்ல. இன்னிக்கு இருக்கு. ஏன் விட்டீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. மனுஷ மனசு, ஆயிரம் இருக்கும். ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அதான் பெரிசு. அதனால வேலையிலேருந்து தூக்கல. நீங்களா ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

அவள் எழுதிக் கொடுத்தாள். நாலு வரி. அறுபத்தொன்றாம் எண்ணுக்கு நேராக அன்றைய தேதியில் 'ஓடிவிட்டது' என்று எழுதி அந்தக் கணக்கையும் முடித்தாள். கூண்டுக்காரரை வேலைக்குத் திரும்பக் கூப்பிடும் உத்தரவை அவளே நல்ல தாளில் எழுதினாள். ஒரு எழுத்துப் பிசகாமல், மூன்று முறை சரிபார்த்து எழுதினாள். இயக்குநர் அதை ஊழியர் அனைவர் முன்னிலையிலும் வாசித்தார். குற்றவாளி யார் என்பதையும் சொன்னார். கூண்டுக்காரர் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு நின்றார். அவள் பக்கம் திரும்பவில்லை.

மேசையில் அவளுக்கென்று பெரிதாக ஒன்றுமில்லை. பேனா, அடிக்கோல், ஒரு சிறிய கண்ணாடி. பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கூண்டுக்காரர் புல்லுக்கட்டு வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினார்.

"நீங்களாம்மா?"

அவள் நின்றாள்.

"நூறு நாளு. என் பொண்டாட்டி ராத்திரியெல்லாம் தூங்கல. ஊருல யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியல. தெரிஞ்சே விட்டுட்டு, தெரியாத மாதிரி எங்க வீட்டுக்கு வந்து தைரியம் சொல்லிட்டுப் போனீங்களே. எதுக்கு? எப்படி இருக்கோம்னு வேடிக்கை பாக்கவா?"

உண்மை அவள் நாக்கின் நுனிவரை வந்தது. ஒரு வார்த்தை போதும். அண்ணா, நான் எந்த முயலையும் விடவில்லை, கண்ணைப் பார்க்காமல் எழுதினேன், அவ்வளவுதான். ஆனால் அவரைப் பற்றி அவளுக்குத் தெரியும். கேட்ட மாத்திரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு நேராக இயக்குநர் அறைக்குப் போவார். ஐயா, அந்த அம்மா பொய் சொல்லிட்டாங்க, அவங்க பாவம் என்பார். இயக்குநர் மறுபடியும் அதே இடத்திலிருந்து ஆரம்பிப்பார்: சாவி யார்கிட்ட இருக்கு?

"ஏம்மா, பேச மாட்டீங்களா? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலண்ணா."

"அண்ணான்னு சொல்லாதீங்க."

அவள் தலையாட்டினாள். செய்யாத குற்றத்துக்குத்தான் அவர் திட்டுகிறார். ஆனால் அந்த நூறு நாளும் தூக்கமில்லாத இரவுகளும் அவள் கொடுத்தவைதான். அதில் எந்தத் திருத்தமும் இல்லை. திட்டு முடிந்துவிடக் கூடாதே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவர் முடித்துவிட்டார். வாய் ஓயாமல் திட்டத் தெரிந்த மனிதர் இல்லை அவர்.

"நான் வர்றேன்" என்றாள் பழக்கத்தில்.

கூண்டுக்காரர் குனிந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். பதினோரு வருடமாகத் தினமும் சாயங்காலம், போயிட்டு வாங்க ரிஜிஸ்டரம்மா, என்று சொல்லி அனுப்பியவர்.

"போங்க" என்றார்.